லக்சருக்குப் போகிறீர்களா? கோயில் எண்ணிக்கையைக் குறையுங்கள், வெயிலைக் கணக்குப் பண்ணுங்கள்

எகிப்தில் நைல் ஆற்றோரம் பழைய கோயில்களும் கல்லறைகளும் நிறைந்த லக்சருக்குப் போகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைப்பதுதான். செங்கடல் ஓரத்து ஹுர்காடாவிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் சுற்றுலா பஸ்கள் அப்படித்தான் செய்கின்றன. நான்கு மணி நேரத்துக்கு மேல் பாலைவனத்தில் ஓடி வந்து, கர்னக் கோயில், மதியச் சாப்பாடு, நைலைத் தாண்டி அரசர் பள்ளத்தாக்கு, ஹத்ஷெப்சுத் கோயில், மெம்னான் சிலைகள் முன்னால் பத்து நிமிஷம், மறுபடியும் பாலைவனம். முதல் தடவை நானும் அந்த பஸ்ஸில்தான் போனேன். அன்றைக்கு எடுத்த படங்களில் எது எந்தக் கோயிலின் தூண் என்று இன்று வரை எனக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் தடவை நான்கு இரவு தங்கினேன். கீழே எழுதியிருப்பது அந்த இரண்டாம் பயணத்திலிருந்து கற்றுக்கொண்டது.

முதலில் ஊர் எப்படிக் கிடக்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், பாதித் திட்டம் தானாக வந்துவிடும். நைல் இங்கே தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. கிழக்குக் கரையில் இன்றைய ஊர், ரயில் நிலையம், விமான நிலையம், லக்சர் கோயில், கர்னக், அருங்காட்சியகம். மேற்குக் கரையில் கரும்பும் கோதுமையும் விளையும் வயல்கள், அதைத் தாண்டினால் சட்டென்று மொட்டைப் பாறை மலை, அந்த மலைக்குள் கல்லறைகள். சூரியன் மறையும் பக்கம் செத்தவர்களுக்கு என்று பழைய எகிப்தியர்கள் ஒதுக்கியிருந்தார்கள். அவர்கள் வாசெத் என்றார்கள், கிரேக்கர்கள் தீப்ஸ் என்றார்கள், அரபியில் அல்-உக்ஸுர், அதாவது அரண்மனைகள். அரண்மனை என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இப்போது நிற்கவில்லை, கோயில்களைப் பார்த்துத்தான் அப்படி நினைத்திருக்கிறார்கள்.

இனி ஒரே ஒரு விதி: காலையில் மேற்குக் கரை, சாயங்காலம் கிழக்குக் கரை, நடுப்பகலில் எங்கேயாவது நிழல். மேற்கு மலையின் முகம் கிழக்கைப் பார்த்து இருக்கிறது, சுண்ணாம்புக் கல் வேறு, மரம் மட்டை கிடையாது. பத்து மணிக்கு மேல் ஹத்ஷெப்சுத் கோயில் முற்றம் தோசைக்கல்தான். அக்டோபரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை போனால் பகல் தாங்கும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. டிசம்பர், ஜனவரியில் ராத்திரி நன்றாகக் குளிரும், ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும்.

கெய்ரோவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம். ரயிலில் ஏறத்தாழ ஒரு முழு இரவு, படுக்கை வசதி கொண்ட ரயில்களும் உண்டு. எனக்கு ரயில்தான் பிடிக்கும், ஏனென்றால் காலையில் கண் விழிக்கும்போது ஒரு பக்கம் வாய்க்கால், பேரீச்ச மரம், கழுதை வண்டி, அதற்கு அப்பால் ஒரு கோடு போட்ட மாதிரி பாலைவனம் தொடங்குவது தெரியும். எகிப்து என்பது ஆற்றோரம் ஒட்டிக்கிடக்கும் ஒரு பச்சை நாடா என்று புத்தகத்தில் படித்தது அப்போதுதான் புரிந்தது. நிலையத்திலிருந்து நேரே ஒரு தெரு லக்சர் கோயிலுக்குப் போகிறது, நடக்கிற தூரம்தான்.

தங்குவது எந்தக் கரையில்? ராத்திரி கடைத்தெரு, வெளிச்சம், நடமாட்டம் வேண்டுமென்றால் கிழக்கு. அமைதி வேண்டும், விடியற்காலையில் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால் மேற்குக் கரையில் படகுத்துறை ஓரமாக உள்ள சின்ன விடுதிகள். லக்சர் கோயிலுக்கு எதிரே பொதுப் படகு ஒன்று இரு கரைக்கும் போய் வந்துகொண்டே இருக்கும், ஊர்க்காரர்கள் ஏறும் அதே படகு, கட்டணம் அற்பம். துறைக்கு வரும் வழியிலேயே "அந்தப் படகு இன்றைக்கு ஓடாது, என் மோட்டார் படகில் வாருங்கள்" என்று ஒருவர் சொல்வார். ஓடும். காரில் கரை மாற வேண்டுமென்றால் பாலம் ஊருக்குத் தெற்கே தள்ளி இருக்கிறது, நல்ல சுற்று.

பணம் பற்றி இரண்டு விஷயம். பெரிய இடங்களின் டிக்கெட் ஜன்னல்களில் இப்போது பணத்தாள் வாங்குவதில்லை, கார்டுதான், அதனால் வெளிநாட்டில் வேலை செய்யும் கார்டு குறைந்தது இரண்டு கையில் இருக்கட்டும். அதே சமயம் சில்லறை இல்லாமல் ஒரு மணி நேரம்கூட ஓட்ட முடியாது: கழிப்பறை, தண்ணீர் பாட்டில், படகு, கல்லறைக் காவலர் எல்லாவற்றுக்கும் 5, 10, 20 பவுண்ட் தாள்கள் தேவை. ஏடிஎம்மில் வருவதோ 200 பவுண்ட் தாள். விடுதியிலோ பெரிய கடையிலோ முதல் நாளே உடைத்து வையுங்கள். டிக்கெட் விலைகளை இங்கே எழுதவில்லை, அடிக்கடி ஏற்றுகிறார்கள். நான்கைந்து நாள் தங்கி நிறையப் பார்க்கிறவர்களுக்கு லக்சர் பாஸ் என்று ஒன்று உண்டு. இதில் விலை கூடிய வகை முதலாம் செட்டி என்ற அரசன், நெஃபர்டாரி என்ற அரசி இருவரின் கல்லறைகளையும் சேர்த்தது. உங்கள் பட்டியலை எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சரி, வந்து இறங்கிய நாள். பகலில் எதையும் பார்க்க வேண்டாம். வெயில் தாழ்ந்ததும் லக்சர் கோயிலுக்குப் போங்கள், இருட்டின பிறகும் திறந்திருக்கும், விளக்கு போட்டதும் சிற்பங்களின் விளிம்பெல்லாம் தூக்கிக்கொண்டு தெரியும். உள்ளே பெரும் பகுதி மூன்றாம் அமென்ஹோடெப் கட்டியது, வாசல் கோபுரமும் முன் முற்றமும் இரண்டாம் ராமசேஸ் சேர்த்தது. வாசலில் 25 மீட்டர் உயரத்தில் ஒற்றைக்கல் தூண் ஒன்று நிற்கிறது. அதற்கு ஜோடி பாரிஸில் இருக்கிறது: அப்போது எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷா பிரான்ஸுக்குக் கொடுத்துவிட்டார், 1836-ல் அங்கே நிறுத்தினார்கள். பதிலுக்கு வந்த கடிகாரம் கெய்ரோ மசூதியில் பல காலம் ஓடாமலே நின்றது. கொடுத்தது என்ன, வாங்கியது என்ன என்று கைடுகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

முன் முற்றத்தில் இடது பக்கம் நிமிர்ந்து பாருங்கள். சுவரின் பாதி உயரத்தில், ஏணி வைத்தாலொழிய எட்டாத இடத்தில் ஒரு கதவு தொங்குகிறது. அது அபுல் ஹக்காக் என்ற இஸ்லாமிய மகானின் மசூதியின் பழைய வாசல். மசூதி கட்டிய காலத்தில் கோயில் அந்த உயரம் வரை மண்ணுக்குள் புதைந்து கிடந்தது, மேலே ஊரே இருந்தது; பிறகு தோண்டி எடுத்ததும் கதவு அந்தரத்தில் நின்றுவிட்டது. மசூதி இன்றைக்கும் தொழுகையில் இருக்கிறது. இன்னும் உள்ளே போனால் ரோமர்கள் சுண்ணாம்பு பூசித் தங்கள் ஓவியத்தை வரைந்த அறை, அதற்கும் பின்னால் மகா அலெக்சாண்டர் பாரோ (எகிப்து அரசன்) வேஷத்தில் நிற்கும் சன்னிதி. ஒரே கட்டடத்தில் இத்தனை காலம் தொடர்ந்து சாமி கும்பிட்ட இடம் உலகத்தில் அதிகம் இருக்காது.

நம் கோயில் பழக்கம் இங்கே ரொம்ப உதவும். ஆண்டுக்கு ஒரு முறை ஓபெட் திருவிழாவில் கர்னக்கில் இருக்கும் அமுன் சாமியைப் படகில் ஏற்றித் தோளில் சுமந்து லக்சர் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். உற்சவர் புறப்பாடு என்று நாம் ஒரே வார்த்தையில் புரிந்துகொள்வதை மேல்நாட்டுக் கைடு புத்தகங்கள் இரண்டு பக்கத்துக்கு விளக்கிக்கொண்டிருக்கும். இரண்டு கோயிலையும் இணைக்கும் 2.7 கிலோமீட்டர் ஸ்ஃபிங்க்ஸ் (சிங்க உடல் சிலை) சாலையைத் தோண்டி முடித்து 2021 நவம்பரில் திறந்தார்கள். அபுல் ஹக்காக்கின் திருவிழாவில் இன்றும் ஊர்வலத்தில் படகுகள் வருகின்றன.

மறுநாள் மேற்குக் கரை. ஆறு மணிக்கு அரசர் பள்ளத்தாக்கின் வாசலில் நில்லுங்கள், பஸ் கூட்டம் வருவதற்குள் இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கும். இங்கே 60-க்கும் மேற்பட்ட கல்லறைகளும் குழிகளும் உண்டு, எல்லாம் திறந்திருக்காது, சுவருக்கு ஓய்வு கொடுக்க மாற்றி மாற்றித் திறப்பார்கள். சாதாரண டிக்கெட்டில் மூன்று கல்லறை. மூன்று போதுமா என்று கேட்பீர்கள். நிதானமாகப் பார்த்தால் நான்காவதில் கண் மரத்துப்போகும்.

எந்த மூன்று? திறந்திருந்தால், நான்காம் ராமசேஸ் (கேவி 2; கேவி என்பது இந்தப் பள்ளத்தாக்கின் கல்லறை எண்): சரிவு குறைவு, முட்டி வலிக்காரர்களுக்கும் சரிப்படும், நிறம் அப்படியே இருக்கிறது. மூன்றாம் ராமசேஸ் (கேவி 11): நடுவழியில் வேறொரு கல்லறைக்குள் இடித்துக்கொண்டதால் பாதை ஒதுங்கி வளைகிறது, ஓரத்துச் சின்ன அறைகளில் யாழ் வாசிப்பவர்கள், பாத்திரம் பண்டம் எல்லாம் வரைந்திருக்கிறார்கள். மூன்றாவதாக, உடம்பு ஒத்துழைத்தால், மூன்றாம் துட்மோஸ் (கேவி 34). செங்குத்தான படியில் ஏறி, மறுபடி இறங்கி, வியர்த்து வழிந்து உள்ளே போனால், முட்டை வடிவ அறையில் சுவர் முழுக்கக் குச்சி மனிதர்கள். பெரிய பாப்பிரஸ் சுருளை விரித்து ஒட்டியது போல இருக்கும். ஆடம்பரம் எதிர்பார்த்தவர்கள் "இவ்வளவுதானா" என்பார்கள், எனக்கு அங்கேதான் மெய் சிலிர்த்தது.

துட்டன்காமுனுக்குத் தனி டிக்கெட். ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஹாவர்ட் கார்ட்டரின் ஆட்கள் 1922 நவம்பர் 4 அன்று முதல் படியைக் கண்டுபிடித்த கல்லறை அது, பெயருக்காகப் போகலாம், ஆனால் சின்னது, ஒரே ஒரு அறையில்தான் ஓவியம். பொக்கிஷங்கள் கீசாவில் உள்ள புதிய பேரருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அரசனின் உடல் மட்டும் இங்கேயே கண்ணாடிக்குள் கிடக்கிறது. என் பரிந்துரை, தனி டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பதாக இருந்தால் அதற்குப் பக்கத்திலேயே மேலே இருக்கும் ஐந்தாம், ஆறாம் ராமசேஸ் கல்லறைக்கு (கேவி 9) கொடுங்கள். உள்ளறைக் கூரையில் வானத்துத் தேவி நூத் இரட்டையாக நீண்டு படுத்து, சூரியனை மாலையில் விழுங்கிக் காலையில் பெற்றெடுக்கிறாள். துட்டன்காமுன் கல்லறை கிட்டத்தட்ட முழுசாகத் தப்பியதற்கும் இந்த இடம்தான் ஒரு காரணம்: பின்னால் வந்த கல்லறைத் தொழிலாளர்களின் குடிசைகளும் வெட்டிய கற்குப்பையும் அதன் வாசலை மூடிவிட்டன. செலவைப் பற்றிக் கவலை இல்லை என்றால் முதலாம் செட்டி (கேவி 17). இத்தாலியரான பெல்சோனி 1817-ல் கண்டுபிடித்தது, பள்ளத்தாக்கிலேயே மிகச் சிறந்தது, விலையும் அப்படி.

சுவர்களில் கிரேக்கக் கிறுக்கல்களைத் தேடுங்கள். ரோமர் காலத்திலேயே இது சுற்றுலாத் தலம், வந்தவர்கள் பேர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நம் ஆட்களும் உண்டு: இங்குள்ள சில கல்லறைகளில் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்தில் சிகை கொற்றன் என்ற பெயரை ஆய்வாளர்கள் அண்மையில் படித்திருக்கிறார்கள். செங்கடல் துறைமுகங்களில் கப்பலிலிருந்து இறங்கிய சரக்கு லக்சருக்கு வடக்கே உள்ள கிஃப்ட் ஊர் வழியாகத்தான் நைலுக்கு வந்தது, பழைய குசைர் துறைமுகத்தில் "பானை ஒறி" (பானை உறி) என்று எழுதிய ஓடு கிடைத்ததும் அந்த வழியில்தான். கொற்றன் கிறுக்கினானே என்று நீங்கள் சாவியை எடுக்காதீர்கள்.

கல்லறைக் காவலர்கள் கயிற்றைத் தூக்கி "வா வா, இங்கே ஸ்பெஷல்" என்று கூப்பிடுவார்கள், டார்ச் அடித்து ஏதாவது காட்டுவார்கள், பிறகு பக்ஷீஷ் (இனாம்) கேட்பார்கள். பிடித்தால் ஒரு சின்னத் தாள் கொடுங்கள். பிடிக்காவிட்டால் "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சொல்லி நடையை நிறுத்தாமல் போய்க்கொண்டே இருங்கள், சண்டை தேவையில்லை. மொபைலில் படம் எடுக்கத் தடையில்லை, ஃப்ளாஷ் மட்டும் கூடாது.

அங்கிருந்து ஒன்பது மணி வாக்கில் ஹத்ஷெப்சுத் கோயில். தூரத்தில் நின்று பார்ப்பதே அதன் அழகில் பாதி, மலைக்குப் பொருத்தமாக மூன்று அடுக்கு. இரண்டாம் அடுக்கின் இடது பக்கச் சுவரில் புண்ட் நாட்டுக்கு அரசி அனுப்பிய கப்பல்கள், வேரோடு கூடையில் தூக்கி வரும் வாசனை மரங்கள், அந்த நாட்டின் பருத்த அரசி எல்லாம் இருக்கிறது. பல இடத்தில் ஹத்ஷெப்சுத்தின் உருவத்தை மட்டும் உளி வைத்துக் கொத்தி எடுத்திருக்கிறார்கள். பெண் பாரோவாக ஆண்டதைப் பின்னால் வந்தவர்கள் அழிக்கப் பார்த்த வேலை.

இந்த இடத்தில் டாக்சிக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்குக் கரையில் காலைப் பொழுதுக்கு ஒரு கார் பேசிக்கொள்வதுதான் வசதி, ஆனால் போகும் இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, "கடை கிடையாது" என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். நான் சொல்லாமல் விட்டேன். ஓட்டுநர் என்னை அலபாஸ்டர் கல் கடையில் இறக்கி, தேநீர் கொடுத்து, முக்கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டார். இருட்டில் ஒளிரும் பூனை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் அது ஒளிரவில்லை.

நடுப்பகலில் ஆற்றோரம் நிழலில் சாப்பிட்டுவிட்டு ஓய்வெடுங்கள். சைவக்காரர்களுக்குக் கவலை இல்லை: ஃபூல் என்ற அவரை வகைப் பருப்பு, அதே பருப்பை அரைத்துப் பொரித்த தாமியா, சோறும் மைசூர்ப் பருப்பும் மக்ரோனியும் வறுத்த வெங்காயமும் கலந்த கொஷாரி. செம்பருத்தி இனப் பூவில் போடும் கர்கதே குளிராகக் கிடைக்கும். மூன்று மணிக்கு மேல், இன்றைக்கு மட்டும் நம் விதியை மீறி, மேற்குக் கரையிலேயே மெதினத் ஹாபு கோயிலுக்குப் போங்கள். டிக்கெட் கோயில் வாசலில் கிடைக்காது. இதற்கும் தெய்ர் எல்-மெதினா, ராமசேயம், பிரபுக்கள் கல்லறைகளுக்கும் மெம்னான் சிலைகளைத் தாண்டியதும் வரும் பொது டிக்கெட் அலுவலகத்தில்தான் வாங்க வேண்டும். அது தெரியாமல் போய்த் திரும்பி வருகிறவர்கள் தினமும் உண்டு.

லக்சரில் ஒரே ஒரு கோயில்தான் பார்க்க முடியும் என்றால் நான் மெதினத் ஹாபுவைத்தான் சொல்வேன், கர்னக்கை அல்ல. மூன்றாம் ராமசேஸ் கட்டியது. எழுத்துகளை ஒரு கை உள்ளே போகும் ஆழத்துக்கு வெட்டியிருக்கிறார்கள், தனக்குப் பின்னால் யாரும் அழித்துத் தன் பெயரைப் போட்டுவிடக் கூடாது என்று அவ்வளவு எச்சரிக்கை. வடக்கு வெளிச் சுவரில் கடல் வழியாகப் படையெடுத்து வந்த கூட்டத்தாரோடு நடந்த கப்பல் சண்டை, உள்ளே வெட்டிய கைகளைக் குவித்து எழுத்தர்கள் எண்ணும் காட்சி, தலைக்கு மேலே கூரைகளில் இன்னும் நீலம். சாயங்காலம் கூட்டமே இருக்காது. வழியில் உள்ள மெம்னான் சிலைகளுக்குக் கட்டணமில்லை, இறங்கிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். கி.மு. 27 நிலநடுக்கத்தில் விரிசல் விட்டபிறகு வடபக்கச் சிலை விடியலில் ஓசை எழுப்பியதாம், அதைக் கேட்க கி.பி. 130-ல் ரோமப் பேரரசன் ஹாட்ரியனே வந்திருக்கிறான். பழுது பார்த்ததோடு அது வாயை மூடிக்கொண்டது.

மூன்றாம் நாள் கர்னக். மாலைதான் கிழக்குக் கரைக்கு என்று சொன்னேன், ஆனால் கர்னக்கும் ஒரு விதிவிலக்கு, அது காலை ஆறு மணிக்குத்தான் நன்றாக இருக்கும். முதல் கோபுர வாசலைத் தாண்டியதும் உடனே திரும்பி, வலது பக்கம் கோபுரத்தின் முதுகைப் பாருங்கள்: பச்சை மண் கல்லால் கட்டிய சாரம் அப்படியே சாய்ந்து நிற்கிறது. கோபுரம் முடிக்கப்படவே இல்லை, அதனால் மண்ணை எடுக்கவும் இல்லை. இவ்வளவு கல்லை எப்படித் தூக்கினார்கள் என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடக்க, எல்லோரும் அதைத் தாண்டித் தூண் மண்டபத்துக்கு ஓடுகிறார்கள்.

தூண் மண்டபத்தில் 134 தூண்கள், நடுவில் 12 மட்டும் 21 மீட்டர் உயரம். வடக்குப் பாதி செட்டியுடையது, சிற்பம் மெல்லப் புடைத்து நிற்கும். தெற்குப் பாதி அவன் மகன் ராமசேஸுடையது, உள்வாங்கி வெட்டியது, வேலை சீக்கிரம் முடியும். விரலை நீட்டாமல் கண்ணாலேயே ஒப்பிட்டுப் பாருங்கள், அப்பன் மகன் குணம் தெரியும். பிறகு ஹத்ஷெப்சுத்தின் ஏறத்தாழ 30 மீட்டர் ஒற்றைக்கல் தூண், அஸ்வானில் வெட்டி ஆற்று வழியாக வந்தது. குளத்தோரம் ஒரு கல் வண்டை ஏழு சுற்றுச் சுற்றினால் நினைத்தது நடக்கும் என்று சுற்றுவார்கள். நீங்களும் சுற்றலாம், காசா பணமா. ஆனால் அங்கே நேரத்தைக் கொட்டாமல் கோடியில் உள்ள மூன்றாம் துட்மோஸின் மண்டபத்துக்குப் போங்கள், பின்னறைச் சுவரில் அவன் படையெடுப்பில் கண்ட செடி கொடி, பறவைகளைச் செதுக்கி வைத்திருக்கிறான்.

வெயில் ஏறியதும் லக்சர் அருங்காட்சியகம். சின்னது, நல்ல ஒளி, பொருள்கள் குறைவு. 1989-ல் லக்சர் கோயில் முற்றத்துக்கு அடியில் கிடைத்த சிலைகள் இங்கே இருக்கின்றன, உடைசல் இல்லாமல் நேற்று செய்தது போல.

நான்காம் நாள் காலை இருந்தால் தெய்ர் எல்-மெதினா. அரசர் கல்லறைகளைக் கட்டிய தொழிலாளர்களின் கிராமம். வீடுகளின் அடித்தளம், குறுகிய தெரு, பக்கத்து மலையில் அவர்கள் தங்களுக்கே வெட்டிக்கொண்ட குட்டிக் கல்லறைகள். சென்னெட்ஜெம் என்ற தொழிலாளியின் கல்லறைக்குள் குனிந்து இறங்கினால் மஞ்சளும் பச்சையுமாக உழவும் அறுவடையும் ஒரு சின்ன அறையில் நிறைந்திருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள்தான் மூன்றாம் ராமசேஸின் 29-ஆம் ஆட்சியாண்டில் கூலித் தானியம் வரவில்லை என்று வேலையை நிறுத்திவிட்டுக் கோயில் பக்கம் போய் உட்கார்ந்தவர்கள், எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் அது. அரசி நெஃபர்டாரியின் கல்லறை பக்கத்துப் பள்ளத்தாக்கில், பராமரிப்புக்காக மூடிவிடுவது உண்டு, டிக்கெட் ஜன்னலில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பலூன் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். விடியலுக்கு முன் மேற்குக் கரையிலிருந்து கிளம்பும், காற்று சரியில்லை என்றால் ரத்தாகும், ரத்தானால் வற்புறுத்தாதீர்கள். 2013-ல் நடந்த விபத்தில் 19 பயணிகள் இறந்திருக்கிறார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நான் ஏறவில்லை, உயரம் எனக்கு ஆகாது. பதிலாக ஒரு சாயங்காலம் ஃபெலுக்கா பாய்மரப் படகில் போனேன். விலை பேசும்போது ஆளுக்கா, படகுக்கா, எத்தனை மணி நேரம், எந்த நாட்டுப் பவுண்ட் என்று நான்கையும் கேட்டுவிட்டு ஏறுங்கள். கடைசிக் கேள்வி வேடிக்கை இல்லை, இறங்கும்போது "இங்கிலாந்துப் பவுண்ட் என்றுதான் சொன்னேன்" என்று கேட்டதை என் காதால் கேட்டேன்.

இன்னும் ஒரு நாள் மிச்சம் என்றால் வடக்கே கெனாவுக்குப் பக்கத்தில் உள்ள டெண்டெரா போய் வாருங்கள், 60 கிலோமீட்டர்போல. ஹாத்தோர் தேவி கோயில், விளக்குப் புகையும் கரியும் படிந்திருந்த கூரையைச் சுத்தம் செய்த பிறகு நீலம் வெளியே வந்திருக்கிறது. அரை நாள் போதும், மத்தியானம் ரயிலைப் பிடிக்க லக்சருக்குத் திரும்பிவிடலாம். கழுத்து மட்டும் இரண்டு நாள் வலிக்கும்.